நாற்பது கயிறு

சீருடை தைக்கிறவளுக்கு உலகத்தில் மூன்றே நிறம்: வெள்ளை, நீலம், சாம்பல். டெய்லரக்கா இருபத்திரண்டு வருடமாக அந்த மூன்றுக்குள்ளேயே மெஷினை ஓட்டியவள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் வெள்ளையும் நீலமும் வீட்டை அடைத்துக்கொண்டு கிடக்கும். காவலாளிகளுக்கும் ஆஸ்பத்திரி ஆட்களுக்கும் ஆர்டர் வந்தால் சாம்பல். "உனக்குக் கனவுல வர்றவங்ககூட சாம்பல் கலர்லதான் வருவாங்க" என்று பக்கத்து வீட்டுக் காஜாக்காரி கேலி செய்வாள். சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டுத் தருவது காஜாக்காரியின் வேலை. வாய் ஒரு பக்கம் ஓடும், ஊசி ஒரு பக்கம் ஓடும்; இரண்டும் வழி தவறாது.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு மழைநாள் காலையில் பதினோரு சாக்கு நிறையத் துணி வந்து இறங்கியது. கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் உள்ளே வரும்போதே வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான். அன்றிலிருந்து தெருவுக்கே அவன் நெட்டையன். கூட வந்த பெண்ணுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. அதன் விளிம்பில் எப்போதோ தெறித்த பச்சைப் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. அவளைக் கண்ணாடி என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள், அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

இருவரும் ஓவியர்கள். தெருக்கோடியில் பஸ் வருவது நின்றுபோன பழைய ஷெட்டில் ஒரு வருடமாக என்னவோ செய்துகொண்டிருந்தார்கள். சுவரில் அவர்கள் வரைவதைவிட, போகிறவர் வருகிறவர் கையில் தூரிகையைத் திணித்து வரையவைத்ததுதான் அதிகம். துருப்பிடித்த பஸ் சீட்டுகளுக்கு வண்ணம் அடித்து, இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் தலைக்கு மேலே விளக்கு எரியும்படி செய்துவைத்திருந்தார்கள். "எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சேன். விளக்கு எரிஞ்சுது. மனுஷன் பயந்துட்டாரு" என்று காஜாக்காரி ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்போது ஷெட்டுக்குக் கூரைபோல ஒரு துணி வேண்டுமாம். வீட்டுக்கு ஒன்றாகப் பழந்துணி வாங்கியிருந்தார்கள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு.

"எல்லாத்தையும் பிரிச்சு ஒரே துணியா தைக்கணும்க்கா. மேல தூக்கிக் கட்டுவோம். ஓரத்துல கயிறு தொங்கும். வர்றவங்க இழுத்தா துணி அல மாதிரி ஏறும், இறங்கும்" என்றான் நெட்டையன்.

"எதுக்கு?" என்று கேட்டாள் டெய்லரக்கா.

அவன் கண்ணாடியைப் பார்த்தான். அவள் கொஞ்சம் யோசித்தாள். "பாக்கத்தான்க்கா" என்றாள்.

இப்படி ஒரு பதிலைச் சொன்ன வாடிக்கையாளர் அதுவரை யாருமில்லை. டெய்லரக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் சட்டென்று உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

உள்ளறையில் அவள் கணவர் இருந்தார். ஜன்னலுக்குக் கீழே நாற்காலி, நாற்காலியில் அவர். பதினாறு மாதமாக அதே இடம். தெரு அவரை லிஃப்ட்காரர் என்று அழைக்கும். நகரத்தின் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். கூட ஒரு கூட்டாளி. தலை முழுக்கச் சுருள்முடி என்பதால் அவனுக்குச் சுருட்டை என்று பெயர். பதினான்கு வருடம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள் இருவரும். ஒரு நாள் ஒன்பதாவது மாடியில் இவர் நிற்க, கீழே குழியில் சுருட்டை நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, லிஃப்டுக்கு எதிர்ப்பாரமாகத் தொங்கும் எடைக்கட்டையைப் பிடித்திருந்த கவ்வி நழுவியது. கட்டை சுருட்டையின் மேலேயே விழுந்தது, ஆள் அங்கேயே போய்விட்டான். விசாரணையில் இரும்பின் குறை என்று எழுதினார்கள். யாரும் இவரைக் குற்றம் சொல்லவில்லை. சுருட்டையின் மனைவி அதே தெருவில் ஆறு வீடு தள்ளித்தான் இருந்தாள். அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இவர் வேலைக்குப் போவதை விட்டார், பிறகு வாசலுக்கு வருவதை விட்டார், பிறகு பேச்சையும் ஏறக்குறைய விட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் வந்து "அப்பா சாப்பிட்டீங்களா" என்றால் "ம்". அவ்வளவுதான்.

அந்த வீட்டில் சிரிப்பது கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டுவிட்டது எல்லாருக்கும். அதனாலேயோ என்னவோ, டெய்லரக்கா வேலைக்குச் சம்மதித்தாள்.

மழை விடாமல் பெய்த ஒரு மாதம் அது. முன்னறை முழுக்கத் துணி. குழந்தைச் சட்டை, திரைச்சீலை, யாரோ ஒரு பேருந்து ஓட்டுநரின் காக்கி, கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவை போட்ட பட்டு, நைந்துபோன துண்டு, தொட்டால் பஞ்சு உதிரும் கம்பளி. ஒவ்வொன்றையும் தையல் பிரித்து, நீவி, ஓரம் மடித்து, அடுத்ததோடு சேர்க்க வேண்டும். ஜீன்ஸுக்கு ஊசி உடையும். பட்டுக்கு அதே ஊசி பெரிதாகி ஓட்டை விழும். நைலான் மெஷின் பாதத்துக்கு அடியில் மீனாக வழுக்கிக்கொண்டு போகும். இருபத்திரண்டு வருடம் ஒரே துணியைத் தைத்த கைக்கு இது புதுப் பள்ளிக்கூடம். முதல் வாரம் அவள் நாற்பது ஊசியை உடைத்தாள்.

கண்ணாடி தினமும் காலையில் வந்து தரையில் மண்டியிட்டுத் துண்டுகளைப் பரப்புவாள். இடம் மாற்றுவாள், எழுந்து நின்று பார்ப்பாள், மறுபடியும் மாற்றுவாள்.

"இந்த மஞ்சளும் அந்த மஞ்சளும் சண்ட போடுதுக்கா. தெரியுதா?"

"எனக்கு ரெண்டும் மஞ்சளாத்தான் தெரியுது."

"நடுவுல அந்தக் காக்கியக் கொண்டாங்க."

காக்கியை வைத்ததும் இரண்டு மஞ்சளும் அடங்கின. டெய்லரக்கா குனிந்து பார்த்தாள். காக்கியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பத்தாம் நாள் அவளே, "இந்தச் செவப்பு இங்க மூச்சு முட்டுது, ஓரத்துக்குப் போகட்டும்" என்றாள். காஜாக்காரி ஊசியை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "செவப்புக்கு மூச்சு முட்டுதாம். நாளைக்குப் பச்சைக்குக் காய்ச்சல்னு சொல்லுவா பாரு."

மத்தியானம் மூன்று பேரும் மெஷினைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிடுவார்கள். சில நாள் சோறும் உருளைக்கிழங்கும். மழைக்கு டீ அடிக்கடி வேண்டியிருந்தது. உள்ளறைக்கு ஒரு தட்டு போகும். பாதி திரும்பி வரும். கண்ணாடி ஒரு நாளும் யார் உள்ளே என்று கேட்டதில்லை. நெட்டையன் மட்டும், தைத்து முடிந்த பாகத்தைச் சுருட்டி எடுத்துப் போகும்போதெல்லாம், "போய்ட்டு வர்றேண்ணா" என்று ஜன்னல் பக்கம் ஒரு குரல் கொடுப்பான். பதில் வராது. மறுநாளும் கொடுப்பான்.

நானூறு துண்டுக்கு மேல் சேர்ந்துவிட்ட ஒரு சாயங்காலம் சுருட்டையின் மனைவி குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். டெய்லரக்காவுக்குக் கை மெஷினிலேயே நின்றுவிட்டது. பதினாறு மாதத்தில் அவள் இந்த வாசலுக்கு வருவது முதல் தடவை.

"உள்ள வாம்மா. ஈரத்துல ஏன் நிக்கிற?"

"இல்லக்கா, இருக்கட்டும். எல்லாரும் துணி குடுத்தாங்க, நான் குடுக்கல. இப்ப குடுக்கலாமா?"

பைக்குள்ளிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். ஆரஞ்சு நிற வேலைச் சட்டை. அவ்வளவு சீராக மடித்து, மடிப்பு கத்தியாக நிற்கும்படி இஸ்திரி போட்டிருந்தாள். வலது கையில் மட்டும் கிரீஸ் கறை, எத்தனை தடவை துவைத்தாலும் போகாத கறுப்பு.

டெய்லரக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். தொழில் பேச்சைப் பேசினாள். "சட்டையாவே வெச்சுத் தைக்கவாம்மா? பிரிச்சிடவா?"

அவள் சட்டையின் மடிப்பை ஒரு தடவை நீவிவிட்டாள். "பிரிச்சிடுங்கக்கா. சட்டையா இருந்தா உள்ள ஆள் இல்லாதது தெரியும்."

டீயைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

இரண்டு நாள் அந்தச் சட்டை அலமாரி மேலேயே இருந்தது. மூன்றாம் நாள் டெய்லரக்கா மனதைத் திடப்படுத்திக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தாள். முதுகு ஒன்று, முன்பாகம் இரண்டு, கை இரண்டு, காலர். ஆறு துண்டும் மடியில் கிடக்கும்போது பின்னால் ஆள் வந்து நிற்பது தெரிந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் அப்படியே நின்றிருந்தார்.

"இது அவன் சட்ட."

அவள் திரும்பவில்லை. "ஆமாங்க. அவளே வந்து குடுத்துட்டுப் போனா."

"அவ வந்தாளா?"

"முந்தாநாள்."

டம்ளரை மெஷின் பலகையில் வைத்தார். கறை படிந்த கைத் துண்டை எடுத்து விரலால் தடவினார். "எங்க தைக்கப் போற?"

"நடுவுல. எங்க வேணா வெச்சுக்கலாம்னு கண்ணாடி சொல்லுச்சு."

"நடுவுலதான் தூக்குறாங்களா?"

"நடுவுல ஒரு வளையம் வெச்சு மோட்டார்ல தூக்குவாங்களாம். அப்பறம் ஓரத்துல கயிறு கட்டி விளையாட விடுவாங்களாம்."

"மோட்டார எதுல மாட்டிருக்காங்க?"

"எனக்கு என்னங்க தெரியும்? மேல ஏதோ இரும்புல."

"ஏதோ இரும்புல" என்று அவர் திருப்பிச் சொன்னார். பதினாறு மாதத்தில் அவ்வளவு வார்த்தை அவர் பேசியதில்லை. வாசலுக்குப் போய் செருப்பைத் தேடினார். அது பரணில் இருந்தது. மகளுடைய செருப்பை மாட்டிக்கொண்டு, குதிகால் வெளியே தொங்க, மழையில் இறங்கி நடந்தார். டெய்லரக்கா மெஷினை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

ஷெட்டில் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். திறப்பு விழாவுக்கு நான்கு நாள் பாக்கி. சுவரில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு வண்ணம்; அதற்கு மேலே ஏணி வைத்து எட்டிய வரைக்கும் வண்ணம். லிஃப்ட்காரர் எதையும் பார்க்கவில்லை. நடு உத்திரத்துக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். கூரைத் தகட்டின் ஓட்டை வழியாகத் தண்ணீர் உத்திரத்தில் விழுந்து, ஓடி, மோட்டார் மாட்டிய இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏணி குடு தம்பி. ஒரு ஸ்பேனரும்."

நெட்டையன் மறுபேச்சில்லாமல் கொடுத்தான். ஆனால் அவர் ஏறவில்லை. ஏணியின் முதல் படியில் காலை வைத்தார், எடுத்தார். "நீ ஏறு. நான் சொல்ற எடத்துல தட்டு."

அவன் ஏறித் தட்டினான். டங் என்றது. தள்ளித் தட்டச் சொன்னார். டங். மோட்டார்ச் சட்டத்துக்குப் பக்கத்தில் தட்டினான். டப் என்றது, ஈர மரத்தைத் தட்டியதுபோல.

"எறங்கு. உள்ள துரு தின்னுருக்கு, இதுல தூக்கக் கூடாது."

"அண்ணா, என்ஜினியர் வந்து பாத்துட்டாரு. கையெழுத்தும் போட்டுக் குடுத்துருக்காரு."

"என்ன எடைக்குப் போட்டாரு?"

"துணி நூத்திப்பத்து கிலோ வரும்னு சொன்னோம்."

"காஞ்ச துணி. மேல பாரு, எத்தன எடத்துல ஒழுகுதுன்னு. நனஞ்சா மூணு மடங்கு. அடியில யாரு நிப்பா? இந்தத் தெருப் புள்ளைங்கதானே நிக்கும்?"

"கையெழுத்து இருக்குண்ணா..."

"கையெழுத்து தூக்காது தம்பி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "நானும் ஒரு நாள் காலையில கவ்விய ஆட்டிப் பாத்துட்டு, சரியா இருக்குடா, எறங்குன்னு சொன்னவன்தான்."

டெய்லரக்கா தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கே தெரியாத வாக்கியம் அது. பதினாறு மாதம் அந்த நாற்காலியில் அவரோடு உட்கார்ந்திருந்தது அதுதான்.

முந்நூறு கிலோவுக்கு மணல் மூட்டை கட்டித் தூக்கிப் பார்க்கலாம் என்று கண்ணாடிதான் சொன்னாள். எல்லாரையும் சுவரோரம் நிற்கவைத்தார்கள். மோட்டார் சுற்றியது. மூட்டைகள் முழங்கால் உயரம் ஏறின, இடுப்பு உயரம் ஏறின. உத்திரம் ஒரு தடவை முனகியது. அடுத்த நொடி சட்டம் பிய்ந்து, மோட்டாரும் மூட்டையும் சேர்ந்து தரையில் விழுந்தன. மணல் வெடித்து முழங்கால் வரைக்கும் அடித்தது.

அந்தச் சத்தத்துக்கு லிஃப்ட்காரர் குந்தி உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். டெய்லரக்கா ஓடிப்போய் அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். அவர் உடம்பு நடுங்கிய நடுக்கம் அவள் பல்லுக்குள் கேட்டது. ஓட்டை வழியாகத் தண்ணீர் மணல் மேல் சொட்டும் சத்தம் மட்டும்.

கண்ணாடி அவர்களுக்கு எதிரே தரையிலேயே வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு வருட வேலை. அழுவாள் என்றுதான் டெய்லரக்கா நினைத்தாள். அவர் காதிலிருந்து கையை எடுக்கும் வரைக்கும் அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "வேற எப்படித் தூக்கலாம்ணா?"

லிஃப்ட்காரர் மனைவியின் இடுப்பில் செருகியிருந்த தையல் சாக்பீஸை உருவினார். சிமெண்டுத் தரையில் ஒரு நீள்சதுரம் போட்டார். அதற்கு மேலே ஆறு கோடு. ஷெட்டின் ஆறு உத்திரம்.

"மோட்டார விட்டுடுங்க. ஒரே எடத்துல மாட்டுறதுதான் தப்பு. ஆறு உத்திரத்துலயும் பிரிச்சுக் கப்பி போடுவோம். நல்லா டங்குன்னு சொல்ற எடமாப் பாத்து. கப்பிக்கு ஒரு கயிறு. கயித்துக்கு ஒரு ஆள்."

"எத்தன கப்பி?"

"நாப்பது. காஞ்சிருந்தா ஆளுக்கு மூணு கிலோ. நனஞ்சாக்கூட எட்டு. ஒருத்தர் கைய விட்டாலும் மீதி முப்பத்தொம்பது பேர் பிடிச்சிருப்பாங்க."

நெட்டையன் குனிந்து பார்த்தான். "அப்ப ஆளுங்கதான் தூக்கணும். நாங்க தூக்கி வெச்சதுக்கப்பறம் வந்து விளையாடுறது இல்ல."

"ஆமா. ஆள் இல்லேன்னா தரையில கெடக்கும்."

கண்ணாடியும் நெட்டையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்து மணலைத் தட்டிவிட்டு, கப்பி வாங்க ஆளை அனுப்பினாள். திறப்பைப் பத்து நாள் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் காலை லிஃப்ட்காரர் பரணிலிருந்து செருப்பையும் பாதுகாப்புப் பெல்ட்டையும் இறக்கினார். ஷெட்டுக்குப் போய் ஏணியைப் பிடித்தார். ஆறு படி ஏறி நின்றார். அங்கேயே நின்றார். மழை தகட்டில் கொட்டியது. டெய்லரக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து அவர் குதிகாலையே பார்த்தபடி இருந்தாள்.

"முடியலன்னா எறங்கிடுங்க. நெட்டையன் மாட்டட்டும்."

"அவனுக்கு நட்டு எந்தப் பக்கம் திரும்பும்னே தெரியாது."

"அது கேக்குதுண்ணா" என்றான் நெட்டையன் பக்கத்து ஏணியிலிருந்து.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்."

ஏழாவது படியில் கால் வைத்தார். பிறகு எட்டு. உத்திரத்தை எட்டியதும் பெல்ட்டை மாட்டிவிட்டு, இரும்பை ஒரு கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கீழே மகள் மருந்துக்கடைக்குப் போகாமல் நின்றிருந்தாள். "அப்பா, டீ வேணுமா?" என்று கத்தினாள். என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டது. மேலேயிருந்து ஸ்பேனர் இரும்பில் தட்டும் சத்தம் வந்தது. டங்.

அன்று நான்கு கப்பி. அடுத்த நாள் ஒன்பது. நடுவில் இரண்டு நாள் கூரை ஓட்டைகளை அடைப்பதில் போயிற்று. வீட்டில் டெய்லரக்கா மீதித் துண்டுகளைத் தைத்தாள். ஆரஞ்சை நடுவில் வைத்துச் சுற்றிலும் என்ன நிறம் வைப்பது என்று கண்ணாடி கேட்டாள். டெய்லரக்கா நாள் முழுக்க யோசித்துவிட்டு, சாக்கைக் கிளறி நீலங்களாகப் பொறுக்கினாள். இருந்த நீலமெல்லாம், பள்ளிச் சீருடை நீலம் உட்பட. கண்ணாடி ஒன்றும் மாற்றவில்லை. அவர் சாயங்காலம் கிரீஸ் கையோடு வந்து தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார்.

திறப்பு நாளில் மழை விட்டிருந்தது. காலை பத்து மணிக்கு ஷெட்டின் வாசலுக்கு வெளியே தெரு முழுக்க நின்றது. உள்ளே துணி, தரையில் மலையாகக் குவிந்து கிடந்தது. அவ்வளவு துணி ஒரே இடத்தில் கிடப்பதைப் பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகவே இருந்தது. காஜாக்காரியின் கணவர், "இதுக்கா இவ்வளவு?" என்று முணுமுணுத்தார். காஜாக்காரி அவர் கையில் ஏழாம் கயிற்றைத் திணித்தாள்.

லிஃப்ட்காரர் ஒவ்வொருவராக நிற்கவைத்துக்கொண்டு வந்தார். முடிவெட்டுகிறவர், பேக்கரிக்காரர், மூன்று நர்ஸுகள், இரண்டு ஓட்டுநர்கள், ஒரு வாத்தியார், யாரென்றே தெரியாத சிலர். இருபத்தொன்றாம் கயிற்றருகே வந்ததும் நின்றார். கூட்டத்தின் ஓரத்தில் சுருட்டையின் மனைவி நின்றிருந்தாள். இருவரும் எதிரெதிரே நிற்பதை டெய்லரக்கா தூரத்திலிருந்து பார்த்தாள்.

"தங்கச்சி, இது ஒனக்கு" என்று கயிற்றை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "நான் விட்டுட்டா?"

"விட்டாலும் விழாதும்மா. அப்படித்தான் கட்டிருக்கேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன தேடினாளோ, எவ்வளவு நேரம் தேடினாளோ. "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை வாங்கி, இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்துக் காய்ந்துபோன கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

அவர் நடுவில் வந்து நின்றார். "மெதுவா இழுங்க. பலத்தக் காட்ட வேண்டாம். பக்கத்து ஆள் எவ்வளவு இழுக்குறாங்களோ அவ்வளவு போதும். ம்."

நாற்பது கப்பியும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. துணி மலை அசைந்தது. தூக்கத்திலிருந்து ஒரு பெரிய விலங்கு முதுகை நிமிர்த்துவதுபோல நடுவில் ஒரு மேடு எழுந்தது. மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. சிவப்பு வந்தது, அதற்குப் பின்னால் மஞ்சள், மஞ்சளுக்குப் பின்னால் இன்னொரு மஞ்சள். இடுப்பு உயரம். தலை உயரம். அப்போது கூரையில் பதித்த கண்ணாடித் தகடுகள் வழியாக வெயில் உள்ளே விழுந்தது.

விழுந்த வெயில் துணியைத் தொட்டதும் ஷெட்டில் பேச்சே நின்றுபோனது. நாற்பது பேருக்கும் முகம் மாறியது. பேக்கரிக்காரர் பச்சையாக நின்றார். நர்ஸுகள் மூவரும் ரோஜா நிறம். வாத்தியாரின் வெள்ளைச் சட்டையில் ஏதோ ஒரு குழந்தையின் கவுனிலிருந்த பூக்கள் வந்து படிந்து நின்றன. தரையில் வண்ணம் தண்ணீராகத் தேங்கியது. கயிறு அசைய அசைய அதுவும் அலை அடித்தது. வாசலில் நின்றவர்கள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒரு தாயின் தோளில் இருந்த குழந்தை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அதன் உள்ளங்கையில் ஊதா இருந்தது. யாரும் கைதட்டவில்லை. கைதட்டக் கை இல்லை, கை இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை.

டெய்லரக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். அந்தத் துணியின் ஒவ்வொரு ஓரமும் அவள் விரலுக்குக் கீழே போனதுதான். ஆனால் மெஷின் பாதத்துக்குக் கீழே ஒரு சாண் அகலமாகத்தான் அவள் அதைப் பார்த்திருந்தாள், அதுவும் உள்பக்கமாக. இது என்ன, இவ்வளவு பெரியது, யார் தைத்தது என்று அவளுக்குத் தோன்றியது. நடுவில் நீலத்துக்குள்ளே அந்த ஆரஞ்சு எரிந்துகொண்டிருந்தது. சட்டையாக இல்லை. முதுகு எது கை எது என்று சொல்ல முடியாது. கறைகூட வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு சின்ன நிழல், அவ்வளவுதான். அதன் வெளிச்சம் நேர் கீழே, லிஃப்ட்காரரின் தலையிலும் தோளிலும் விழுந்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. கப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சுருட்டையின் மனைவிக்குத் தெரிந்தது. அவள் கயிற்றை விடாமல், வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக் கை காலியில்லை, துடைக்கவும் இல்லை.

"முப்பத்தஞ்சு, தளத்தி விடுங்க" என்றார் லிஃப்ட்காரர். "பன்னெண்டு, நீங்க இழுங்க." துணியின் ஒரு ஓரம் தாழ்ந்து மறு ஓரம் எழுந்தது. பிறகு அவர் சொல்லவும் தேவையில்லாமல் போயிற்று. முடிவெட்டுகிறவர் இழுத்தால் எதிரே ஓட்டுநருக்குத் தெரிந்தது; ஓட்டுநர் சிரித்துக்கொண்டே திருப்பி இழுத்தார். ஒருவருக்கொருவர் பேசியே பழக்கமில்லாதவர்கள் மேலே ஓடும் அலையைப் பார்த்துப் பார்த்துக் கை கொடுத்தார்கள், வாங்கினார்கள். துணி மூச்சு விட்டது. காஜாக்காரி தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கால்மணி நேரம் எதுவும் பேசவில்லை.

வாசலில் வரிசை நீண்டது. ஆள் மாற வேண்டும். லிஃப்ட்காரர் ஒவ்வொரு கயிறாகப் போய்ச் சொன்னார்: "சட்டுனு விடாதீங்க. அடுத்தவங்க கை வந்து பிடிச்சது தெரிஞ்சதும் மெல்ல விடுங்க." சொன்னதையே நாற்பது தடவை சொன்னார். அலுக்கவில்லை.

இருபத்தொன்றாம் கயிற்றில் சுருட்டையின் மனைவி மூன்று ஆள் மாறும் நேரம் நின்றாள். பிறகு சுற்றிலும் பார்த்து, சுவரோரம் இருந்த டெய்லரக்காவைத் தலையசைத்துக் கூப்பிட்டாள்.

"நீங்க இன்னும் பிடிக்கவே இல்லையேக்கா."

"எனக்கு எதுக்கும்மா? நான் தைச்சாச்சு."

"பிடிங்க."

டெய்லரக்கா கயிற்றில் கை வைத்தாள். அது சூடாக இருந்தது. மற்றவளின் கை அவள் கைக்கு மேலே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மெல்ல விலகியது. எடை முழுதும் வந்து இறங்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தூங்குகிற குழந்தையின் பாரம்தான் வந்தது. அந்தப் பாரத்துக்குள்ளே என்னென்னவோ அசைவுகள். யார் யாரோ தும்முவதும் சிரிப்பதும் கால் மாற்றி நிற்பதும் கயிறு வழியாக அவள் உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தன.

ஷெட்டின் மறுகோடியிலிருந்து யாரோ ஒருவர் லேசாக இழுத்தார். யாரென்று வண்ணத்துக்குள் தெரியவில்லை. அவள் கை தானாக உயர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, அவளும் இழுத்தாள்.